மாப்பிள்ளை பண்ணிக்கொண்ட ஆபரேஷன்

எங்கள் மாப்பிள்ளை டைல்ஸ் போடுகிறவர். என் ஒரே தங்கச்சியின் வீட்டுக்காரர். நான் எலக்ட்ரீஷியன். புதுக் கட்டடத்தில் சுவரை வெட்டி பைப்பைப் புதைத்துவிட்டு நான் வெளியே வந்தால், பின்னாலேயே அவர் ரப்பர் சுத்தியோடு உள்ளே போவார். பதினோரு வருஷமாக இப்படித்தான். சைட்டில் அவருக்கு ‘மட்டம்’ என்று பட்டப்பெயர். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு டைலைக்கூட ஒட்ட மாட்டார் என்பதால் வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரையோ திட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் பெருமையை நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். உண்மைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்த ஒரு காலமும் உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

தங்கச்சியின் முதல் பிரசவம் சிக்கலில்லாமல் முடிந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார். பெண் குழந்தை என்று போனில் சொன்னோம். கையைக் கழுவிக்கொண்டு வந்தார், எட்டிப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார், மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. என் பிள்ளைகள் பிறந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து தங்கச்சி மறுபடி உண்டானாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். செக்கப்புக்குத் தானாகவே போய்வருவாள். சாயங்காலம் மாப்பிள்ளை, “டாக்டர் என்ன சொன்னாங்க?” என்பார். “எல்லாம் நல்லாருக்காம்” என்பாள். அத்தோடு பேச்சு முடியும். எட்டாம் மாசம் கடையில் விண்ணப்பப் படிவம் நகலெடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. அந்த மாச செக்கப்பை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். தலை வலித்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கடைக்காரரிடமிருந்து எனக்கு போன் வந்தது. தங்கச்சி நின்ற இடத்திலேயே விழுந்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்களாம். நான் வேலை செய்த அதே கட்டடத்தில்தான் மாப்பிள்ளை இரண்டாவது மாடியில் இருந்தார். அவர் முட்டியில் கட்டியிருந்த பட்டையைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கையில் தாளோடு வெளியே வந்தார்.

“வீட்டுக்காரர் யாரு? எத்தனை வாரம் ஆகுது?”

“எட்டு மாசம் இருக்கும்ங்க.”

“எத்தனை வாரம்னு தெரியுமா? சரி விடுங்க. தலைவலி எத்தனை நாளா?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“கால், முகம் வீங்கியிருந்துச்சா? கடைசியா பிரஷர் எவ்வளவுன்னு சொன்னாங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?”

“தெரியலைங்க” என்றார் மாப்பிள்ளை. மூன்று கேள்விக்கும் அதே பதில். 

அதற்குள் பெரிய குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா வந்து சேர்ந்திருந்தார். எனக்கு அத்தை முறை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு வயசுக் குழந்தைதான் பதில் சொன்னாள்.

“அம்மாவுக்கு செருப்பு பத்தல. நாலு நாளா அப்பா செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் கடைக்குப் போனாங்க. அதுவும் நேத்து இறுக்குதுன்னாங்க.”

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். “ரொம்ப உபயோகமா சொன்னே கண்ணு” என்று அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை வேலைக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர். வீட்டு வாசலில் தன் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று நாலு நாளாகப் பார்க்கவில்லை. நாள் முழுக்க மண்டிபோட்டு வேலை செய்கிறவர், சைட்டில் எவன் கால் எந்த டைலை மிதித்தது என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பெண்டாட்டியின் கால் அவர் கண்ணில் படவில்லை.

நான் வராந்தாவிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். “என் தங்கச்சிக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!” அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி, “சொல்லுங்க மச்சான், இன்னும் சொல்லுங்க” என்றார். என் மனைவிதான் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“நம்ம சின்னவன் வயித்துல இருந்தப்ப எனக்குப் பிரஷர் எவ்வளவு இருந்துச்சு? சொல்லுங்க பாப்போம்.”

நான் சட்டையை விடுவித்துக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டாவதும் பெண். ஒன்றே முக்கால் கிலோ. தங்கச்சிக்கு நினைவு திரும்பவில்லை. இரத்த அழுத்தம்தான் வலிப்பாக மாறியிருக்கிறது, பிரஷர் இறங்கினால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். “குழந்தைக்கு உடம்புச் சூடு நிக்க மாட்டேங்குது. தோலோட தோல் படுற மாதிரி நெஞ்சுல வச்சுக்கிட்டா சீக்கிரம் தேறும். அம்மாவால இப்ப முடியாது. யாரு வர்றீங்க?”

அத்தை எழுந்தார். மாப்பிள்ளை அதற்கு முன்னாலேயே எழுந்து நின்றிருந்தார். “நான் வரலாமா சிஸ்டர்? ஆம்பளைங்க வச்சுக்கலாமா?”

“நெஞ்சு சூடா இருந்தா போதும்” என்ற சிஸ்டர் அவர் கையைப் பார்த்தார். சிமெண்ட் அரித்து வெளுத்த விரல்கள். நகக்கண்ணெல்லாம் டைல்ஸ் இடுக்கில் பூசுகிற வெள்ளைப் பொடி. “முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவணும். நகத்தை ஒட்ட வெட்டணும்.”

இருபது நிமிஷம் தேய்த்தார். நகவெட்டியை வார்டு முழுக்கக் கேட்டு வாங்கி வந்தது நான்தான். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையில் அடங்கிவிடுகிற அந்த உருவத்தை அவர் நெஞ்சின் மேல் குப்புறப் படுக்கவைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார்கள். அப்புறம் மனுஷன் நாலு மணி நேரம் அசையவில்லை. கண்ணாடி வழியாக நான் சைகையில் கேட்டேன், பாத்ரூம் போக வேண்டாமா என்று. வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். வெளியே வந்ததும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் உண்மை புரிந்தது.

தினமும் காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். எடை போடும்போது பக்கத்திலேயே நின்று, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து கண் மட்டத்தில் பார்ப்பார். பத்து கிராம் ஏறினாலும் எங்கள் எல்லோருக்கும் தகவல் வந்துவிடும்.

மூன்றாம் நாள் தங்கச்சி கண் விழித்தாள். ஐந்தாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தையைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே அவள் வீட்டுக்காரர் வெறும் உடம்போடு, மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் குவித்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தாள். வறண்ட உதட்டோடு சிரித்தாள்.

“பால் மட்டும்தான் குடுக்கல போல.”

அதைக் கேட்டு மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. குழந்தை குலுங்கியது. சிஸ்டர் அதட்டினார்.

வீட்டுக்கு வந்தபிறகு செக்கப் எதையும் அவர் விடவில்லை. காலையில் பிரஷர் பார்த்து எழுதிவைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். தங்கச்சிக்கே சில நாள் அலுத்துவிடும். “நான் என்ன தரையா? தினமும் மட்டம் பாக்குறீங்க” என்பாள்.

மூன்று மாசம் கழித்து டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். இன்னொரு தடவை கர்ப்பம் தரித்தால் அதே ஆபத்து திரும்ப வரலாம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். அன்றைக்குக் குழந்தை பிழைக்குமா என்பதே தெரியாத நிலைமை, அதனால் ஆபரேஷனோடு சேர்த்துக் கருத்தடை செய்யவில்லை. இப்போது பிரஷர் முழுசாக அடங்கவில்லை, மயக்க மருந்து கொடுக்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். அதுவரைக்கும் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். மாத்திரைகளில் சிலது பிரஷர் இருப்பவர்களுக்கு ஆகாது. இப்படி ஒவ்வொன்றாக அவர் விளக்க, மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் வாயைத் திறந்தார்.

“ஏங்க டாக்டர், எல்லாமே அவளுக்குத்தானா? எனக்கு ஒண்ணும் இல்லையா?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். “இருக்கே. இருக்கிறதுலயே அதுதான் சுலபமானது. யாரும் கேக்கிறதில்ல, அவ்வளவுதான். வீட்ல பேசிட்டு வாங்க.”

வீட்டில் முதலில் முறைத்தது தங்கச்சிதான். “என் மேல பாவப்பட்டுப் பண்ண வேணாம். நாளைக்கு உங்களுக்கு இடுப்பு வலிச்சாலும் என்னாலதான்னு சொல்லுவாங்க.”

“பாவமெல்லாம் இல்ல. உன்னை ஒரு தடவை அறுத்தாச்சு. இப்ப என் முறை” என்றார் அவர்.  இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சைட்டில் நாலாவது மாடி பாத்ரூமில் அவரைப் பிடித்தேன். அவர் கலவையைப் பூசிக்கொண்டிருந்தார். நான் ஹீட்டருக்கு வயர் இழுக்கிற சாக்கில் உள்ளே நுழைந்தேன்.

“மாப்பிள்ளை, இதெல்லாம் வேணாம். நீங்க மூட்டை தூக்குற ஆளு. உடம்புல பலம் போயிட்டா என்ன பண்ணுவீங்க?”

“கேட்டுட்டேன் மச்சான். பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். உள்ள உற்பத்தி அது பாட்டுக்கு நடக்கும். வெளிய வர்ற சின்னக் குழாயை மட்டும் வெட்டிக் கட்டிடுவாங்க. உங்க பாஷையில சொன்னா, மெயினை ஆஃப் பண்றதில்ல. ஒரே ஒரு வயரைக் கழட்டி விடுறது.”

“இருந்தாலும் ஒரு ஆம்பளைக்கு…”

அப்போது சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணே! குழாய் வேலைன்னா எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே!”

மூன்றாவது மாடியில் பிளம்பர். பாத்ரூம்களுக்குப் பின்னால் பைப் இறங்குவதற்காக மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு திறந்த சந்து இருக்கும். ஜன்னல் கண்ணாடி இன்னும் போடவில்லை. நாங்கள் பேசியது மொத்தமும் அந்தச் சந்து வழியாகத் தரைத்தளம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. மாடிக்கு மாடி சிரிப்புச் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சந்துக்குள் தலையை நீட்டினார்.

“வர்ற திங்கக்கிழமை பண்ணிக்கிறேன்டா. யாருக்காவது சந்தேகம் இருந்தா டீ நேரத்துல கேளுங்க. கத்தாதீங்க, அடுத்த தெருவுக்கும் கேக்குது.”

டீ நேரத்தில் கேட்டார்கள். குரல் மாறுமா என்றான் பெயிண்டர். மாறினால் பாடிக் காட்டுகிறேன் என்றார் இவர். மீசை கொட்டுமா என்றான் ஒருத்தன். உனக்கு முளைக்கவே இல்லையே, அதற்கு எந்த ஆபரேஷன் பண்ணினாய் என்றார். கேட்டவன் ஓடிவிட்டான். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “ஒரு வாரம் வராதே. உடம்பைப் பாத்துக்க” என்றார்.

அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டும் பொண்ணாப் போச்சு. அதுக்குள்ள கதவைச் சாத்துறியே? நாளைக்கு மனசு மாறினா என்ன செய்வே?”

“என் மனசு மாறினாலும் அவ உடம்பு மாறாதும்மா.”

அன்றையிலிருந்து அத்தை மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மகனுக்குப் பேத்தி வழியாகத்தான் சேதி போகும். “உங்கப்பனைச் சாப்பிட வரச் சொல்லு.” பேத்தி திரும்பி, “அப்பா, சாப்பிட வருவீங்களாம்” என்பாள். “வர்றேன்னு சொல்லு” என்பார் இவர்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். பதிவு செய்கிற இடத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “அந்தம்மாவை உள்ள அனுப்புங்க, நீங்க வெளிய உக்காருங்க” என்றார்.

“பேஷண்ட் அவருங்க. நான் துணைக்கு வந்தேன்” என்றாள் தங்கச்சி.

அவர் நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு தாளை எடுத்தார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் மருமகளிடம் ஏதோ கிசுகிசுத்தார். அந்த மருமகள் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் கேலி கொஞ்சமும் இல்லை.

பெஞ்சில் தங்கச்சி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்ட்ரெச்சர் வரும், இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் மனுஷன் தன் காலாலேயே நடந்து வந்தார். கொஞ்சம் காலை அகட்டி நடந்தார், அவ்வளவுதான்.

“இவ்வளவுதானா மாப்பிள்ளை?”

“இவ்வளவுதான் மச்சான். இதுக்கா இத்தனை கூச்சல்?”

இரண்டு நாள் வலி இருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, “நீ எப்படித்தான் அந்த வயித்துத் தையலோட எந்திரிச்சு நடந்தியோ” என்றாராம். அதைக் கேட்டு அவள் அடுக்களையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஒரு வாரத்தில் வேலைக்கு வந்தார். டைல்ஸ் பெட்டியை இவர் தொட்டால், பக்கத்தில் நின்றவன் நாலு மாடிக்கும் மூட்டை தூக்க வேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு போட்டுவிட்டார். பயந்துபோய் ஆளாளுக்கு அவர் பெட்டியைத் தூக்கினார்கள்.

ஆபரேஷன் முடிந்த கையோடு பலன் வந்துவிடாதாம். மூன்று மாசம் வேறு பாதுகாப்போடு இருந்துவிட்டு, விந்துவைப் பரிசோதித்து, அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு. அந்த ரிசல்ட் வந்த நாள் நேரே சைட்டுக்கு வந்தார். நான் ஏணியில் நின்றிருந்தேன்.

“பூஜ்யம் மச்சான்!”

பூஜ்யம் வாங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏணியிலிருந்து இறங்கிக் கையைக் கொடுத்தேன். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நீ பண்ணிக்கொண்டாயா என்று என்னைக் கேட்கலாம். எங்கள் வீட்டில் என் மனைவி எப்போதோ பண்ணிக்கொண்டுவிட்டாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் எதிரில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு வலித்ததா என்று நான் கேட்டது போன வருஷம். “இப்பவாவது கேட்டீங்களே” என்றாள்.

குரல் மாறுமா என்று கேட்டானே பெயிண்டர், நாலு பிள்ளைக்காரன், அவன் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அண்ணே, நிஜமா சொல்லுங்க. அப்புறம் எல்லாம்… முன்ன மாதிரிதானா?” மாப்பிள்ளை அவனிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த வாரம் அவனையும் அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தார். இதுவரைக்கும் அப்படி ஏழு பேரோடு போய்வந்திருக்கிறார். அதில் இரண்டு பேர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். அவர்களை அவர் திட்டவில்லை. “செக்கப்புக்காவது வீட்டுக்காரம்மாவோட போ” என்று சொல்லி அனுப்பினார்.

அத்தை மகனோடு மறுபடி பேச ஆரம்பித்ததை நான் நேரில் பார்க்கவில்லை, கேட்டதுதான். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, ஊரே கேட்கிற மாதிரி அவரை வம்புக்கு இழுத்தாளாம். “ஏங்க்கா, உங்க மகன் பொம்பளைங்க பண்ணிக்கிற ஆபரேஷனைப் பண்ணிக்கிட்டாராமே?”

அத்தை குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

“ஆம்பளைங்க பண்ணிக்கிற ஆபரேஷனைத்தான்டி பண்ணிக்கிட்டான். என் மருமக உசிரோட நடமாடணும்னு பண்ணிக்கிட்டான். உன் மகனைப் பண்ணிக்கச் சொல்லு பாப்போம், நான் வந்து கஞ்சி வச்சுக் குடுக்குறேன்.”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினால், பின்னால் மாப்பிள்ளை நின்றிருக்கிறார். இரண்டு கையிலும் காலி வாளி. அம்மா சொன்னது முழுசும் காதில் விழுந்திருக்கிறது.

“என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? தண்ணியைப் பிடி” என்றாராம் அத்தை.